வெட்டுத் தரத்தை உயர்த்தும் என்று விற்கப்படும் ‘மேம்பாட்டுத் தொகுப்பு’: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

வீட்டுப் பட்டறையில் சிறிய சிஎன்சி பிளாஸ்மா மேசை (கணினி வழிநடத்த, மின்வில்லால் சூடேறிய காற்றைப் பீய்ச்சி உலோகத் தகட்டை வெட்டும் இயந்திரம்) வைத்துக்கொண்டு, விளிம்பு சுத்தமாக வரவில்லையே என்ற கவலையில் எதையாவது வாங்கிப் பூட்டிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் யோசித்தேன். டார்ச்சின் (அந்தக் காற்றைப் பீய்ச்சும் தலைப்பகுதியின்) விலையை மிஞ்சிய ஒரு தொகையைக் கொடுத்து ஏமாந்தேன். விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் கையாண்ட முறையை மட்டும் விளக்குகிறேன், ஏனெனில் அதே முறை வேறு பெயர்களிலும் நடப்பதைப் பிறகு கவனித்தேன்.

என்னுடையது 45 ஆம்பியர் காற்றுப் பிளாஸ்மா. பெரும்பாலும் 3 மி.மீ., 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகடுகளை வெட்டுகிறேன். விளிம்பு ஒரு பக்கம் சரிந்தும், அடியில் உருகி ஒட்டும் கசடு தடித்தும், வட்டத் துளைகள் முட்டை வடிவிலும் வரத் தொடங்கியபோது, நான்கு புகைப்படங்களுடன் அந்த விற்பனையாளருக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தில் ஒரு வரியை அழுத்திச் சொல்லியிருந்தேன்: முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள் வெட்டு நன்றாகவே இருக்கிறது, அதற்குப் பிறகுதான் கெடுகிறது. சிக்கலுக்கான விடை முழுவதும் அந்த வரியில்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. இந்தப் பொருள்களை விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கம்ப்ரசர் எது, காற்று எப்படி உலர்த்தப்படுகிறது, வேகம் என்ன, மின்வில்லைத் தொடங்கும் முறை என்ன என்று ஒரு கேள்வியும் வரவில்லை. “உங்கள் மேசையில் உயரக் கட்டுப்பாடு இல்லாததுதான் ஒரே பிரச்சினை, சார்” என்ற பதிலும், பணம் செலுத்தும் இணைப்பும் அரை மணி நேரத்தில் வந்தன.

தொகுப்பில் டார்ச் உயரக் கட்டுப்பாட்டுப் பலகை (வில்லின் மின்னழுத்தத்தைப் பார்த்து, டார்ச்சை ஏற்றி இறக்கி, தகட்டிலிருந்து ஒரே உயரத்தில் வைக்கும் மின்சுற்று) ஒன்று, ஐந்து நாசில்கள் (வில்லும் காற்றும் வெளியேறும் துளையுள்ள முனைகள்), ஐந்து எலக்ட்ரோடுகள் (அவற்றுக்குள் இருந்து வில்லை எழுப்பும் செம்புத் துண்டுகள்) இருந்தன. பலகையை இணைக்க, டார்ச்சுக்கு மின்சாரம் தரும் பிளாஸ்மா பெட்டியைத் திறந்து, வில்லின் மின்னழுத்தத்தை நேரடியாக உள்ளிருந்து எடுக்கும்படி எழுதியிருந்தது. திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதையும், சுமையில்லா நிலையில் அங்கே 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்பதையும் அந்தத் தாள் சொல்லவில்லை. உயர் அதிர்வெண் பொறியால் வில்லைத் தொடங்கும் இயந்திரமாக இருந்திருந்தால் பலகை முதல் தொடக்கத்திலேயே கருகியிருக்கக்கூடும். என்னுடையது அந்த வகையல்ல என்பதால் தப்பித்தது.

பூட்டி முடித்த பிறகு நடந்தது இதுதான். எல்லாத் தடிமனுக்கும் 110 வோல்ட் வைத்தால் போதும் என்று அவர் சொன்னபடி வைத்தேன். நேர்க்கோட்டில் டார்ச் ஒழுங்காகத்தான் ஓடியது. சதுரத்தின் மூலையை நெருங்கியதும் சட்டென்று கீழே இறங்கி, தகட்டில் நாசிலை உரசிக்கொண்டு சென்றது. காரணம் எளிது: மூலையில் இயந்திரம் வேகத்தைக் குறைக்கிறது, அதனால் வெட்டின் அகலம் கூடி வில் நீள்கிறது, மின்னழுத்தம் ஏறுகிறது, டார்ச் உயர்ந்துவிட்டது என்று பலகை தவறாக எண்ணிக் கீழே இறக்குகிறது. வேகம் குறையும் இடங்களில் கட்டுப்பாட்டை நிறுத்தி வைப்பதற்கென்று தனி உள்ளீடு இருக்க வேண்டும். விளம்பரத்தில் அந்த வசதி இருப்பதாகக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த இடத்தில் முனையமே பற்றவைக்கப்படவில்லை, வெறும் துளைகள்தான் இருந்தன. அவர் அனுப்பிய காணொளியை மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது, அதில் ஒரு மூலைகூட வெட்டப்படவில்லை என்பதைக் கவனித்தேன்.

நாசில்களின் கதை இன்னும் மோசம். உறையும் அதிலிருந்த எழுத்தும் டார்ச்சின் தயாரிப்பாளருடையதைப் போலவே இருந்தன. என் பழைய நாசிலின் துளையில் 1 மி.மீ. டிரில் பிட்டின் தண்டு இறுக்கமாக நுழையும். புதிய ஐந்தில் மூன்றில் 1.2 மி.மீ. தண்டே ஆடிக்கொண்டு நுழைந்தது. மற்ற இரண்டை டிரில் சக்கில் பிடித்து மெதுவாகச் சுழற்றியபோது, துளை நடுவில் நிற்காமல் சிறு வட்டம் போடுவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஓர் எலக்ட்ரோடை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, அரத்தால் தேய்த்துப் பார்த்தேன். செம்புக்குள் வெள்ளிநிறப் புள்ளியாகத் தெரியும் ஹாஃப்னியம் என்ற உலோகம் பழையதில் ஏறக்குறைய இரண்டரை மி.மீ. ஆழம் இறங்கியிருந்தது, புதியதில் ஒரு மி.மீ. கூட இல்லை. வில் எழுவது அந்த ஹாஃப்னியத்திலிருந்துதான். அது தீர்ந்து செம்பு வெளிப்பட்டால் எலக்ட்ரோடு மட்டுமல்ல, டார்ச்சின் தலையே உருகிப்போகலாம்.

பலகையையும் நாசில்களையும் திருப்பி அனுப்புகிறேன் என்றதற்கு, பொருத்தப்பட்ட பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பதில் வந்தது. பொருத்திப் பார்க்காமல் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன், பதில் இல்லை.

பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கம்ப்ரசரை இருபது நிமிடங்கள் ஓடவிட்டு, வில் இல்லாமல் காற்றை மட்டும் திறந்து, நாசிலுக்கு முன் வெள்ளைத் தாளைப் பிடித்தேன். முதல் சில நொடிகளுக்கு ஒன்றுமில்லை. பிறகு ஊசி முனையளவு ஈரப்புள்ளிகள் விழத் தொடங்கி, தாள் நைந்துபோனது. கம்ப்ரசர் சூடேறியதும் காற்று ஆவியைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. சாதாரண வடிகட்டிக் கிண்ணம் துளியாக வரும் நீரைப் பிடிக்குமே தவிர, ஆவியைப் பிடிக்காது. அந்த ஆவி குழாயில் ஆறி, டார்ச்சுக்குச் சற்று முன்பு நீராகிறது. ஈரமான காற்றில் ஹாஃப்னியம் வேகமாகக் குழிகிறது, வில் அலைகிறது, நாசிலின் துளை ஒரு பக்கம் அரிக்கப்பட்டு முட்டை வடிவாகிறது. காலையில் நன்றாக வெட்டிய இயந்திரம் சிறிது நேரத்தில் கெட்டதற்கு இதற்கு மேல் மர்மம் ஒன்றுமில்லை.

சுமார் 15 மீட்டர் செம்புக் குழாயைச் சுருளாக்கித் தண்ணீர் வாளியில் வைத்து, அதன் பிறகு நீர்பிரிப்பானையும் சிலிக்கா ஜெல் உலர்த்தியையும் பொருத்தினேன். நம்பகமான இடத்திலிருந்து நாசிலும் எலக்ட்ரோடும் வாங்கி மாட்டினேன். முன்பு நாற்பது துளைகளுக்குள் குழிந்துபோன எலக்ட்ரோடு, இப்போது அதைப் போலப் பல மடங்கு தாங்குகிறது.

இன்னொரு தவறு என்னுடையது, அதையும் மறைக்கவில்லை. பொதுவாக டார்ச்சுக்குள் இருக்கும் சுழல் வளையம் என்ற பாகம் காற்றைக் கடிகாரச் சுற்றில் சுழற்றுவதால், டார்ச் செல்லும் திசைக்கு வலப்பக்க விளிம்புதான் நேராக வரும். எனவே வெளிக்கோட்டைக் கடிகாரச் சுற்றிலும், உள்துளைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்ட வேண்டும். என் மென்பொருளில் துளைகள் தலைகீழாக இருந்தன. நல்ல விளிம்பைக் கழிவுக்குக் கொடுத்துவிட்டு, சரிந்த விளிம்பை நான் வைத்துக்கொண்டிருந்தேன். துளைக்கு வேகத்தை அறுபது சதவீதமாகக் குறைத்ததும் முட்டை வடிவமும் பெரும்பாலும் மறைந்தது. இவை எதற்கும் காசு செலவில்லை.

யாரிடமாவது பணம் கொடுக்கும் முன் சோதனையாக ஒரு சதுரம் வெட்டிப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவு சரிந்திருந்தால், உயரத்தையோ வேகத்தையோ சந்தேகிக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் சரிவு மாறினால், டார்ச் செங்குத்தாக இல்லை அல்லது நாசில் தேய்ந்திருக்கிறது. அதை எந்த உயரக் கட்டுப்பாடும் திருத்தாது. தடித்து, தட்டினால் உதிரும் கசடு வேகம் குறைவு என்கிறது. மெலிதாக இறுகி, உளியால்கூடப் பெயராத கசடு வேகம் அதிகம் என்கிறது. இந்தச் சதுரத்தின் படத்தைக் கேட்காமல், காற்றைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் தொகுப்பை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.

கோளாறு காற்றின் ஈரம்தான் என்பதைத் தெரிவித்து, பணத்தில் பாதியையாவது திருப்பித் தரும்படி அந்த விற்பனையாளருக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதினேன். இம்முறை பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: அவரிடம் சிறந்த காற்று உலர்த்தி ஒன்றும் இருக்கிறதாம், பழைய வாடிக்கையாளர் என்பதால் விலையில் கழிவு தருவாராம்.