கம்பனித் தீர்மானங்களின் வழியே வணிகக் கல்வி: திருகோணமலை விடய ஆய்வு வகுப்பு பற்றிய ஒரு மதிப்பீடு

க.பொ.த. உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்காகத் திருகோணமலை நகரிலுள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்று சனிக்கிழமைகளில் விடய ஆய்வு வகுப்பு ஒன்றை நடத்துகின்றது. மகள் அதில் படிக்கின்றாள். பெற்றோர் பின்வரிசையில் இருந்து கேட்கலாம் என்பதால் நானும் இருந்து கேட்டேன்; வகுப்போடு சேர்த்து விற்கப்படும் கையேட்டையும் முழுமையாக வாசித்தேன். வரைவிலக்கணத்தை மனனம் செய்வித்து, அதன் கீழ் இரண்டு உதாரணங்களை எழுதச் சொல்லும் வழக்கத்துக்கு மாறாக, உண்மையான நிறுவனம் ஒன்று எடுத்த தீர்மானத்தை முதலில் வைத்து, அதிலிருந்து கோட்பாட்டுக்குப் போவதே இங்குள்ள முறை. ஆசிரியரின் வாயில் அந்த முறை நன்றாக வேலை செய்கின்றது. கையேட்டில் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றது.

சந்தை ஆய்வு பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். 1985 ஏப்ரலில் கொக்கா-கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றிப் பழையதைச் சந்தையிலிருந்து எடுத்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரிடம் செய்த சுவைச் சோதனைகளில் புதியதே முன்னுக்கு நின்றிருந்தது. ஆனாலும் 79 நாட்களில் பழைய பானத்தை மீண்டும் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆசிரியர் கதையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஆய்வில் என்ன பிழை என்று கேட்டார். மாதிரி போதாது என்றார்கள் சிலர். விளம்பரம் சரியில்லை என்றார்கள் வேறு சிலர். மூதூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "அளந்தது சுவையை, முடிவெடுத்தது பழையதை நிப்பாட்டுறதுக்கு, சேர்" என்றாள். பாடநூலின் ஒரு பக்கம் சொல்ல முயல்வதை அவள் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டாள்.

கையேட்டில் கொடாக் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட பக்கம் இதற்கு நேர்மாறானது. தொழில்நுட்பச் சூழலின் மாற்றத்தை அறியாததால் நிறுவனம் வீழ்ந்தது என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கின்றது. உண்மையில், 1975இல் முதல் டிஜிட்டல் கமெராவை உருவாக்கியவர் கொடாக்கின் பொறியியலாளரான ஸ்டீவன் சசனே. அறியாமை அங்கே இருக்கவில்லை. பிலிம் விற்பனையில் வந்துகொண்டிருந்த இலாபத்தைத் தன் கையாலேயே குறைத்துக்கொள்ள நிறுவனம் தயங்கியது. 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அதே புறச்சூழலை எதிர்கொண்ட பியூஜிபிலிம், தன்னிடமிருந்த இரசாயன அறிவை அழகுசாதனப் பொருட்களுக்கும் திரைகளுக்கான மென்படலங்களுக்கும் திருப்பிப் பிழைத்துக்கொண்டது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்திருந்தால், சூழல் ஒன்றாக இருந்தும் தீர்மானங்கள் வேறுபட்டது ஏன் என்ற கேள்வி மாணவருக்குத் தானாகவே எழுந்திருக்கும். முடிவு தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்வதற்கு வணிகக் கல்வி எதற்கு?

வகுப்பின் சிறந்த பகுதி அமைவிடத் தெரிவு பற்றியது. கையேட்டில் அதற்கு அரைப் பக்கம்தான் கிடைத்திருக்கின்றது என்பது வியப்பு. ஆசிரியர் கரும்பலகையில் இலங்கைப் படத்தை வரைந்து, காங்கேசன்துறை, புத்தளம், சீனன்குடா ஆகிய மூன்று இடங்களில் சீமெந்துத் தொழிற்சாலைகளைக் குறித்தார். முதல் இரண்டும் சீமெந்தின் மூலப்பொருளான சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடத்தை அண்டி அமைக்கப்பட்டவை. சுண்ணாம்புக்கல் சூளையில் எரியும்போது எடையை இழப்பதால், அதைத் தூரத்துக்கு ஏற்றிச் செல்வது வீண் செலவு. சீனன்குடாவிலுள்ள டோக்கியோ சீமெந்து நிறுவனமோ ஏற்கனவே எரிக்கப்பட்ட கல்லான கிளிங்கரைக் கப்பலில் இறக்குமதி செய்து இங்கே அரைக்கின்றது. ஆகவே அதற்கு வேண்டியது கல் அகழும் இடமல்ல, ஆழமான துறைமுகம். பக்கத்திலுள்ள பிறீமா மா ஆலைக்கும் இதே நியாயம் பொருந்தும். கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. வருவதெல்லாம் கப்பலில் வருகின்றது. பெரிய கப்பல் நேரே ஆலையின் இறங்குதுறையில் அணையுமானால் ஒரு தொன்னுக்கான செலவு குறைகின்றது. பேரளவு உற்பத்திச் சிக்கனமும் அமைவிடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் சீனன்குடாவைத் தாண்டித்தான் வகுப்புக்கு வருகின்றார்கள். அவர்கள் அன்றாடம் கடக்கும் இடம் பாடமாக மாறியபோது கொப்பிகளில் பேனை ஓடிய வேகத்தை நான் பார்த்தேன்.

கையேட்டின் பாரதூரமான தவறு வேறொன்று. 2024இல் தொலைத்தொடர்பு நிறுவனமான டயலொக், அதே துறையிலிருந்த எயார்டெல் லங்காவைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டதை அது கூட்டு முயற்சி என்று வகைப்படுத்துகின்றது. எயார்டெல் லங்காவின் பங்குகள் முழுவதும் டயலொக்கிடம் சென்றன. பதிலுக்கு அதன் தாய் நிறுவனமான பார்தி எயார்டெல் டயலொக்கின் பத்து வீதத்துக்குச் சற்று மேலான பங்கைப் பெற்றது. ஒரே துறையில் ஒரே கட்டத்திலுள்ள நிறுவனத்தைக் கையகப்படுத்தும் கிடை ஒன்றிணைப்பு அது. கூட்டு முயற்சிக்கு உதாரணம் தேடி ஊருக்கு வெளியே போகவும் தேவையில்லை: திருகோணமலையிலுள்ள இரண்டாம் உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ அபிவிருத்தி செய்ய, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி. 49 வீதமும் கொண்ட தனி நிறுவனம் பற்றிய உடன்படிக்கை 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. பரீட்சையில் இவ்விரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளைக்குப் புள்ளி போய்விடும் என்பதால், அடுத்த பதிப்பு வரும்வரை காத்திராமல் திருத்தத் தாள் ஒன்றை உடனே கொடுப்பது நியாயம். சில்லறை விற்பனை நிறுவனமான கார்கில்ஸ், கொத்மலை பாலுற்பத்தி நிறுவனத்தை 2010இல் வாங்கியதை, தனக்கு முந்திய உற்பத்திக் கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும் பின்னோக்கிய ஒன்றிணைப்புக்குக் காட்டும் பக்கம் சரியாகவே இருக்கின்றது.

மண்டபம் காற்றோட்டமானது, ஒலிபெருக்கி இல்லாமலே பின்வரிசைக்குக் கேட்கின்றது. கையேட்டின் வரைபடங்கள் போட்டோக்கொப்பியில் கறுத்துப்போய், அச்சுகளின் பெயர்களைக்கூட வாசிக்க முடியவில்லை. கலந்துரையாடலைக் கடைசி அரை மணித்தியாலத்துக்கு வைப்பதால், பஸ்ஸுக்கு ஓடும் மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை. அதை இடைவேளைக்கு முன் வைக்கலாம்.

அடிப்படைப் பாடங்களை முடித்த இரண்டாம் வருட மாணவர்களுக்கு இவ்வகுப்புக் கட்டணத்துக்குத் தகுந்தது. முதலாம் வருடத்தினர் சில மாதங்கள் பொறுத்துச் சேர்வது நல்லது. கையேட்டை மட்டும் தனியாக வாங்க நினைப்பவர்களுக்கு, இப்போதைய பதிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.