ஸ்ட்ரெஸ் காட்டும் பேண்ட்: வாங்கலாமா, வேண்டாமா?

மணிக்கட்டில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று ஓசூரிலிருந்து மச்சான் கேட்டார். நடை, தூக்கம், பேட்டரி எல்லாம் மற்ற பேண்டுகளில் இருப்பதுதான், குறையில்லை. ஸ்ட்ராப் ஒருமுறை அறுந்தது, பெங்களூரு ஜெயநகரில் மாற்றிக்கொண்டேன். எனக்குத் தகராறு அதிலிருக்கும் ஸ்ட்ரெஸ் கிராஃபோடுதான்.

பச்சை வெளிச்சத்தை மணிக்கட்டில் அடித்து, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை அளக்கிறது. இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் உடம்பு நிம்மதியாக இருக்கிறதாம். ஒரே சீராக ஓடினால் பதற்றமாம். சரி, எதனால் பதற்றம்? அது அதற்குத் தெரியாது. இன்க்ரிமென்ட் லெட்டர் வந்த நாளும், கிளையன்ட் போன் காலில் மேனேஜர் என்னைக் கோத்துவிட்ட நாளும் கிராஃபில் ஒரே பதற்ற ஆரஞ்சு! அந்த போன் காலின் நடுவில் விர்ரென்று அதிர்ந்து, ‘மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்’ என்றது பாருங்கள், கழற்றி எறியாதது பெரிய விஷயம். அந்த நினைவூட்டலை செட்டிங்ஸில் அணைக்கலாம். ஆனால் அப்டேட் வந்தால் தானாக மறுபடி ஆன் ஆகிவிடும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பில் அவ்வப்போது மனநிலையைக் குறித்து வைக்க முகங்கள் இருக்கின்றன. காலையில் சிரித்த முகம், மதியம் 3 மணிக்குத் தொங்கிய முகம், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. கேன்டீன் சாம்பார் சாதத்தையும் மேனேஜரையும்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் ஞாயிற்றுக்கிழமையும் அதே மேடு பள்ளம். மதியச் சோர்வு சாப்பிடாவிட்டாலும் வருமாம், உடம்புக் கடிகாரத்தின் வேலை. 2011-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில் 84 நாடுகளில் 24 லட்சம் பேரின் ட்விட்டர் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். காலையில் உற்சாகம், போகப்போக இறக்கம், இரவில் மறுபடி ஏற்றம். வார விடுமுறையிலும் அப்படியேதான், காலை உச்சம் மட்டும் சுமார் 2 மணி நேரம் தள்ளிப்போகிறது. மேனேஜருக்குப் பாதி விடுதலை கொடுத்துவிட்டேன். (மீதிப் பாதி அவருடையதுதான்.) இப்போதெல்லாம் கோபமான மெயில்களை 3 மணிக்கு அனுப்புவதில்லை.

சில்க் போர்டு சிக்னலில் கேப் நிற்கும்போது வரும் ஆரஞ்சு, 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதை வந்த பிறகு எனக்குக் குறைந்துவிட்டது. அந்தப் பெருமை பேண்டைச் சேராது.

ஆக மச்சான், வாங்க வேண்டாம். நேற்றுக் கேட்டிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன். இன்று காலை அப்டேட் வந்திருக்கிறது.