பண்ணை வீட்டு விறகடுப்பு: பல குளிர்காலங்கள் சமைத்துப் பார்த்த பிறகு

சமையலறைக்கு விறகடுப்பு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பகல் முழுக்க வீட்டில் யாராவது இருப்பீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய பிராங்க்ளின் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது), கணவர் வீட்டாரின் பால் பண்ணையில். இங்கே ஜனவரியில் காலை வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குப் போவது சாதாரணம். வார்ப்பிரும்பில் செய்த கனமான அடுப்பு, ஓவன், மேலே பொருள்களை இளஞ்சூட்டில் வைக்க ஒரு சூட்டுத் தட்டு, பக்கவாட்டில் வெந்நீர்த் தொட்டி, அவ்வளவுதான். பொது மின் இணைப்பு இல்லாமல் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்காக இப்படிப்பட்ட அடுப்புகளை இன்றும் செய்கிறார்கள்.

அடுப்பின் அருமை முழுதாகத் தெரிவது கடும் பனி விழுந்து பள்ளிக்கு லீவு விடும் நாளில்தான். மாடுகளுக்கு லீவு கிடையாது, அதனால் கணவரும் மாமனாரும் விடியும் முன்பே தொழுவத்துக்குப் போய்விடுவார்கள். நான் டேம்பரை (புகை போகும் வழியை மாற்றும் தகடு) திறந்து வைத்து, சிறு பிர்ச் மரச் சிராய்களால் பற்ற வைப்பேன். திறந்திருக்கும்போது புகை நேராகப் புகைபோக்கிக்குப் போகும். நெருப்பு நன்றாகப் பிடித்து புகைபோக்கி சூடானதும் டேம்பரை மூடினால், சூடான புகை ஓவனைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும், ஓவன் சூடாவது அப்படித்தான். ரொட்டி வைக்கும் பதத்துக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும், அவசரப்பட முடியாது.

கேஸ் அடுப்பில் பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இங்கே தீயைக் குறைக்கிற வேலையே இல்லை, பாத்திரத்தைத்தான் நகர்த்த வேண்டும். நெருப்புப் பெட்டிக்கு நேர் மேலே நல்ல கொதி, நடுவில் மிதமான சூடு, வலது ஓரத்தில் பாலைப் பொங்காமல் வைத்திருக்கலாம். தோசைக்கல்லை இடது பக்கம் வைத்தால் சில நிமிடங்களில் தயார், ஓரம் மொறுமொறுவென்று வரும். மாவு புளிக்காத பிரச்சினையும் தீர்ந்தது. மேலே இருக்கும் சூட்டுத் தட்டில் இரவு வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது, குளிர் ஊரில் இருக்கும் நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மாமியாரின் பீன்ஸ் இன்னொரு உதாரணம். முந்தின இரவே ஊற வைத்த வெள்ளை பீன்ஸ், வெங்காயம், கடுகுத் தூள், மேப்பிள் சிரப் (மேப்பிள் மரச்சாற்றை வற்றக் காய்ச்சிய பாகு), எல்லாம் மண் ஜாடியில் போட்டு காலையில் ஓவனுக்குள் வைத்தால் மாலை வரை ஆறேழு மணி நேரம் அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். வீடு சூடாவதற்கு எப்படியும் விறகு எரிகிறது, அதே நெருப்பில் சாப்பாடும் வெந்துவிடுகிறது. ரொட்டியை மட்டும் பாதியில் திருப்பி வைக்க வேண்டும், நெருப்புப் பெட்டி இருக்கும் பக்கம் சீக்கிரம் கருகும்.

சமையலுக்கு இணையாக நான் இந்த அடுப்பை நம்புவது துணி காய வைக்க. பிள்ளைகள் பின்பக்க மேய்ச்சல் சரிவில் சறுக்கப் போவார்கள். பிளாஸ்டிக் ஸ்லெட்டோடு, ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டையின் மேல் சின்ன இருக்கை பொருத்திய ஜாக் ஜம்பர் ஒன்றும் இருக்கிறது, வெர்மான்ட்காரர்களுக்குப் பிரியமான விளையாட்டுப் பொருள். (பனிக்கு அடியில் வேலிக் கம்பி மறைந்திருக்கும், சறுக்கும் பாதையில் பெரியவர்கள் முதலில் நடந்து பார்த்துவிடுங்கள், இது முக்கியம்.) கடுங்குளிரில் விழும் பனி பொடியாக உதிரும், உருண்டை பிடிக்க வராது, பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழுவதுதான் கோட்டை கட்ட ஏற்றது. ஆனால் அந்த ஈரப் பனியில்தான் கையுறை, காலுறை, பூட்ஸ் எல்லாம் ஊறிப்போகும். அடுப்புக்கு மேலே, பாதுகாப்பான உயரத்தில் மரக்கொடி கட்டி எல்லாவற்றையும் போட்டால், அவர்கள் சூடான கோகோ குடித்து முடித்து, சாப்பிட்டு, ஒரு கதை கேட்பதற்குள் கம்பளிக் கையுறை காய்ந்துவிடுகிறது. அப்புறம் மறுபடியும் வெளியே ஓட்டம். மின்சார ஹீட்டர் இருந்த முதல் குளிர்காலத்தில் ஒரு தடவை நனைந்தால் அன்றைய விளையாட்டு முடிந்தது.

எங்கள் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் ஜெரிக்கோ ஊரில்தான் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885 ஜனவரியில் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். 1931ல் இறக்கும் வரை 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார், அதுவும் பண்ணை வேலை பார்த்துக்கொண்டே. எங்கள் பிள்ளைகளும் கறுப்புப் பலகையில் பனித்துகளைப் பிடித்து லென்ஸில் பார்க்கிறார்கள். பலகையை வெளியிலேயே குளிர வைத்திருக்க வேண்டும், அடுப்பங்கரைக்குள் கொண்டு வந்தால் உடனே உருகிவிடும்.

சாயங்காலம் மேப்பிள் சிரப்பைச் சின்ன வாணலியில் காய்ச்சுவோம், கிட்டத்தட்ட 113 டிகிரி செல்சியஸ் வந்ததும் தட்டில் அழுத்தி வைத்த சுத்தமான பனியின் மேல் ஊற்றினால் மிட்டாயாக இழுபடும். கூடவே டோனட்டும் புளிப்பு வெள்ளரி ஊறுகாயும், இங்கத்திய வழக்கம் அது. இனிப்பு திகட்டும்போது ஊறுகாயை ஒரு கடி கடித்தால் மறுபடியும் இனிப்பு கேட்கும். ஒரு லிட்டர் சிரப்புக்கு சுமார் 40 லிட்டர் மரச்சாறு வற்ற வேண்டும் என்பதால் பிள்ளைகளிடம் தட்டை வழித்துச் சாப்பிடச் சொல்வேன்.

இனி குறைகள். நெருப்புப் பெட்டி சின்னது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை விறகு போட்டாக வேண்டும், ராத்திரி முழுக்க நெருப்பு நிற்காது. விறகு குறைந்தது ஒரு வருடம் காய்ந்திருக்க வேண்டும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே. ஈர விறகு எரித்தால் புகைபோக்கியில் கிரியோசோட் என்ற கரிய பிசின் படியும், அது தீப்பிடித்தால் வீட்டுக்கே ஆபத்து. எங்களுக்கு விறகு விற்ற ஒருவர் காய்ந்தது என்று சொல்லி ஈர மேப்பிளை இறக்கிவிட்டுப் போனார், அந்த வருடம் புகைபோக்கியை இரண்டு முறை சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. ஈரப்பதமானி விலை குறைவுதான், கட்டாயம் வாங்குங்கள், கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். ஓவனுக்கு அடியில் சேரும் கரியை மாதம் இருமுறையாவது சுரண்டி எடுக்காவிட்டால் ரொட்டியின் அடிப்பாகம் வேகாது.

மின்சாரம் போனாலும் இந்த அடுப்பு நிற்காது என்பது எங்களைப் போன்ற இடங்களில் பெரிய பலம். 1998 ஜனவரியில் கியூபெக்கிலிருந்து வடக்கு வெர்மான்ட் வரை தாக்கிய உறைமழையில் (விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறையும் மழை) மின்கம்பிகள் அறுந்து விழுந்ததை மாமியார் இன்னும் சொல்வார், அப்போது சமையலறையில் இருந்த பழைய விறகடுப்புதான் குடும்பத்தைக் காப்பாற்றியதாம். புது அடுப்பு வாங்கும்போது வெந்நீர்த் தொட்டி கட்டாயம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றது அதனால்தான். தொட்டிக்குக் கூடுதல் விலை உண்டு, கொடுக்கலாம். சாம்பலை மட்டும் மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். முழுதாக ஆறிய சாம்பலைத் தொழுவத்துக்குப் போகும் பாதையில் தூவினால் உறைபனியில் கால் வழுக்காது.