மோட்டார்ஹோம் பேட்டரி: குறை பெரும்பாலும் பேட்டரியில் இல்லை

மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே பேட்டரிக்கு வந்துவிடும். "ஒரு ராத்திரிகூட லைட் தாங்கல, பேட்டரி போச்சு, புதுசு போடணும்" என்று ஒருவராவது புலம்புவார். சில வருடங்களாக இதே வண்டியோடு குடித்தனம் நடத்தியதில் எனக்குப் பிடிபட்டது வேறு. சார்ஜ் உள்ளே வரும் வழியிலோ, தெரியாமல் வெளியே கசியும் வழியிலோதான் கோளாறு இருக்கும். அதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால், அதுவும் கொஞ்ச நாளில் அதே கதிக்குத்தான் வரும்.

கன்ட்ரோல் பேனலில் எரியும் பச்சை விளக்குகளை நான் நம்புவதில்லை. சார்ஜரைக் கழற்றிய கையோடு பார்த்தால் எந்த நோஞ்சான் பேட்டரியும் 13 வோல்ட் காட்டும். லோடும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வாக விட்டு, டெர்மினலிலேயே மல்டிமீட்டர் வைத்து அளக்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியில் 12.7 இருந்தால் முழுசாக இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினாலோ, இறங்கிய நிலையிலேயே போட்டு வைத்தாலோ, தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். அப்புறம் என்ன சார்ஜ் கொடுத்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

லித்தியத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. பெரும்பகுதி நேரம் அது 13.2, 13.3 என்று ஒரே இடத்தில் நின்றுவிட்டு, கடைசியில் திடீரென்று விழும். அதற்கு ஷன்ட் (நெகட்டிவ் ஒயரின் வழியில் மாட்டி, ஓடும் மின்னோட்டத்தை அளக்க உதவும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர்தான் சரி. போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் எண்ணிச் சொல்லும். இந்த வண்டிக்காக வாங்கியதில் போட்ட காசுக்கு முழுசாக உழைத்த சாமான் இதுதான். ஒரு விஷயம்: எல்லா நெகட்டிவ் ஒயரும் ஷன்ட் வழியாகவே போக வேண்டும். ஒன்றை நேராக பேட்டரியில் மாட்டிவிட்டால் கணக்கு மொத்தமும் பொய்.

கசிவு என்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வண்டி சும்மா நிற்கும்போதும் கேஸ் அலாரம், ஸ்டீரியோவின் மெமரி, கன்ட்ரோல் பேனல், டிராக்கர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கும். மொத்தம் 100 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 2.4 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு), 100 ஏஎச் பேட்டரி மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, எல்லாம் உறங்கட்டும் என்று அரை மணி நேரம் விட்டு, ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சடாரென்று இறங்குகிறதோ, அந்த லைனில் ஆள் இருக்கிறார். என் வண்டியில் அகப்பட்டது டிவி ஆன்டெனா பூஸ்டர். அலமாரியின் மூலையில், துணிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் பம்பையோ எஞ்சினையோ போட்டுவிடாதீர்கள். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

அதிகம் பேரை அலைக்கழிப்பது வோல்டேஜ் வழியிலேயே விழுவதுதான். எங்கள் தண்ணீர் பம்பு முனகிக்கொண்டே ஓடும், அது ஓடும்போது விளக்கும் மங்கும். பேட்டரியில் அளந்தால் 12.6. பம்பு ஓடும்போது அதன் ஒயரில் அளந்தால் 11.2. ஒரு வோல்ட்டுக்கு மேல் எங்கே போனது? பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பம்பின் நெகட்டிவிலும் வைத்ததும் 1.2 காட்டியது. அப்படியானால் பாசிட்டிவ் பக்கம் சரி, குற்றவாளி எர்த். சேஸிஸில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பெயின்ட், அதன் மேல் துரு. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் அந்த 1.2 இறங்கி 0.1 ஆனது. பம்பும் வாயை மூடிக்கொண்டது. இதை லோடு ஓடும்போதுதான் அளக்க வேண்டும். லோடு இல்லாமல் அளந்தால், ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கூட முழு வோல்டேஜ் காட்டி ஏமாற்றும்.

ஃப்யூஸ் ஹோல்டரும் அப்படித்தான். ஃப்யூஸ் நன்றாக இருக்கும், ஆனால் ஹோல்டரின் பிடி தளர்ந்து, சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். ஹோல்டரையே மாற்றிவிடுவது நல்லது. பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுச் சமாளிப்பது மட்டும் கூடவே கூடாது, தீப்பிடிக்கும் சமாச்சாரம் அது. இன்வெர்ட்டரில் 1000 வாட் சாமான் ஓட்டினால் 12 வோல்ட் பக்கம் 90 ஆம்பியர் சுலபமாகத் தாண்டும். அதற்கு ஒயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும்.

சார்ஜ் வரும் வழிகளில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை முன்போல் நம்ப முடியாது. யூரோ 6 (ஐரோப்பியப் புகை விதி) காலத்து வண்டிகளில் பலவற்றில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். எஞ்சின் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை இறக்கிவிடும். நாள் முழுக்க ஓட்டியும், உள்ளே விளக்கு, பம்பு எல்லாவற்றுக்கும் கொடுக்கும் வீட்டு பேட்டரி நிறையவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை வீட்டு பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் போட்டால் தீர்ந்தது. லித்தியத்துக்கு மாறுகிறவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். வெறும் ரிலே வழியாக விட்டால் லித்தியம் அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றவும் கூடாது. இன்னொன்று, அதன் பிஎம்எஸ் (பேட்டரிக்கு உள்ளேயே இருக்கும் காவல் சர்க்யூட்) தானாக அணைத்துக்கொண்டால் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். செத்துவிட்டது என்று பதற வேண்டாம். சார்ஜர் இணைத்ததும் பல நேரம் எழுந்துவிடும்.

சோலார் நல்லதுதான், எதிர்பார்ப்பு மட்டும் அளவோடு இருக்கட்டும். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 100 வாட் பேனல் நல்ல வெயிலில் 5 ஆம்பியர் கொடுத்தாலே பெரிய விஷயம். வென்ட் மூடியின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலும் அதில் பெரும்பகுதி போய்விடும். பல வண்டிகளில் சோலார் வீட்டு பேட்டரிக்கு மட்டுமே போகிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் உள்ளே விளக்கெல்லாம் ஜோராக எரிந்தும் செல்ஃப் எடுக்காமல் போவது இதனால்தான். எஞ்சின் பேட்டரிக்கும் கொஞ்சம் பகிர்ந்து கொடுக்கும் சின்ன கருவிகள் கிடைக்கின்றன. அதைப் போட்டபின் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

நெடுநாள் நிறுத்தி வைப்பதானால் லெட் ஆசிட்டை முழுசாக ஏற்றி வைக்க வேண்டும். லித்தியம் பாதியளவில் இருந்தால் போதும். ஒயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். அப்படிச் செய்தால், பாசிட்டிவை முடுக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.