மௌனா லோவாவா, கிரக்கத்தோவாவா?

பாடசாலைக் கண்காட்சிக்கு எந்த எரிமலையைச் செய்வதென்று, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலேயே இரண்டு வீட்டார் கேட்டுவிட்டார்கள்.

செய்யும் சுலபம்
மௌனா லோவா: கவிழ்த்த தட்டு மாதிரி, அந்த மெல்லிய சரிவு வர நேரம் எடுக்கும்.
கிரக்கத்தோவா: கூம்பு, போத்தலைச் சுற்றிப் பேப்பர் ஒட்டினால் சரி.

செலவு
இரண்டும் ஒன்றுதான். பழைய பேப்பர், கோதுமை மாப் பசை, அப்பச்சோடா, வினாகிரி.

உறுதி
மௌனா லோவா: பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம்.
கிரக்கத்தோவா: மழை நாளில் உள்ளே காயாது. எங்களுடையது பம்பலப்பிட்டி தாண்டுமுன்பே சாய்ந்துவிட்டது.

சொல்ல உள்ள கதை
மௌனா லோவா: ஹவாயில் 4,169 மீட்டர் உயரம். எரிமலைக் குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா இதில் குறைவு, வாயு சுலபமாக வெளியேறும்; அதனால் பெரும்பாலும் வெடிக்காமல் வழிந்தோடும். உண்மையில் அப்பச்சோடா நுரை இதற்குத்தான் பொருத்தம்.
கிரக்கத்தோவா: இந்தோனேசியாவில் உள்ளது. கெட்டிக் குழம்பு. வாயு அடைபட்டு, குலுக்கிய சோடாப் போத்தல் மாதிரி வெடித்தது. 1883 ஆகஸ்ட் 27 அன்று கேட்ட சத்தம் 4,800 கிலோமீட்டர் தள்ளி, இந்து சமுத்திரத்தின் ரொட்ரிகஸ் தீவுவரை போனது. சுனாமியோடு சேர்த்து 36,000 பேருக்கு மேல் பலி. அந்த அலை இலங்கைக் கரைக்கும் வந்தது. மேலே போன தூசியால் உலகமே சற்றுக் குளிர்ந்தது.

சின்னப் பிள்ளைக்கு மௌனா லோவா போதும். வாய் உள்ள பிள்ளையென்றால் கிரக்கத்தோவா; ஆனால் நுரை வழியும்போது, "இது இப்படி வழியவில்லை, வெடித்தது" என்று சொல்லப் பழக்கிவிடுங்கள். அப்புறம், மேசைக்கு ஒரு பழைய துவாயும்.