கல் வாங்கினேன், நட்சத்திரம் கூடவே வந்தது

120 லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்காக 8 கிலோ லைவ் ராக், அதாவது தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடல் கல், வாங்கி ஏழு மாதம் ஆகிறது. "நல்லா பதப்படுத்திய கல் சார், தேவையில்லாத உயிர் எதுவும் கூட வராது" என்று அடித்துச் சொன்னார் கடைக்காரர்.

கல்லைக் குறை சொல்ல மாட்டேன். கைக்குக் கனம் தெரியாத, உள்ளே துளை துளையான கல். பையைப் பிரித்தபோது கடல் வாடைதான் அடித்தது, அழுகல் நாற்றம் இல்லை. இரண்டு வாரத்தில், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்துவிட்டன. அங்கங்கே ஊதாநிறக் கோரலைன் பாசியும் உயிரோடு இருந்தது. அந்த வகையில் முழுத் திருப்தி.

ஆறாவது வாரம் விளக்கணைத்த பிறகு டார்ச்சோடு நின்ற மகள் கத்தினாள்: "அப்பா, கண்ணாடில நட்சத்திரம் நடக்குது!"

மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் வெள்ளை. கைகள் ஆறு, ஆனால் மூன்று நீளம், மூன்று குட்டை. யாரோ பாதியைக் கடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இந்தக் குட்டி நட்சத்திர மீன்களை ஆஸ்டரினா என்கிறார்கள். தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொண்டு பெருகும் சாதி. ஒவ்வொரு பாதியும் இழந்த கைகளை மெல்ல வளர்த்துக்கொள்கிறது. அதனால்தான் அந்தக் கோணல். ஒன்றே ஒன்று கல்லிடுக்கில் ஒளிந்து வந்தால் போதும், துணைகூட வேண்டாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் இரைப்பையை வெளியே தள்ளிப் படலப் பாசியைத் தின்பது தெரியும். சாப்பாட்டு நேரத்தில் பார்க்க வேண்டாம்.

அடுத்த மாதம் 40 வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதே சமயம் ஜோவந்திட் பவளம் ஒரு வாரமாக விரியாமல் மூடியே கிடந்தது. ஆஸ்டரினாக்களில் சில ஜோவந்திட்டைத் தின்னும் என்று படித்திருந்தேன், போதாதா? இரவு இரவாக இடுக்கியோடு உட்கார்ந்து முப்பதைப் பிடுங்கி நன்னீரில் போட்டேன். நன்னீரை அவற்றின் உடம்பு தாங்காது. ஹார்லெக்வின் இறால் வாங்கவும் துணிந்தேன். அது பெரும்பாலும் நட்சத்திர மீனையே தின்னும். சரி, எல்லாம் தீர்ந்த பிறகு? அதற்கென்று தனியாக நட்சத்திர மீன் வாங்கிப் போட வேண்டும், இல்லையென்றால் பட்டினியில் சாகும். அந்தப் பாவம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் தண்ணீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் மேல் சந்தேகம் வந்தது. 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) அளவீட்டுக் கரைசலை விட்டுச் சரிபார்த்தால், ஒப்படர்த்தி 1.025 என்று நான் நம்பிய உப்பு உண்மையில் 1.029! சில நாள் எடுத்து மெதுவாக இறக்கினேன். நட்சத்திரங்கள் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்க, ஜோவந்திட் பழையபடி விரிந்தது. முப்பது உயிர்களின் கணக்கு என் தலையில்.

முழுக்க அப்பாவிகள் என்றும் சொல்லமாட்டேன். ஊதாப் பாசியில் வெளுத்த தடங்கள் சில இருக்கின்றன, அது இவற்றின் வேலைதான்.

கடை மேல் எனக்குள்ள குறை நட்சத்திரம் வந்ததல்ல, வராது என்று சொன்னது. உயிருள்ள கல்லென்றால் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரத்தான் செய்யும். அதை முன்பே சொல்லியிருந்தால் தனி வாளியில் சில வாரம் வைத்துக் கவனித்திருப்பேன். அழையா விருந்தாளியே ஆகாது என்பவர்கள் உலர்ந்த கல்லை வாங்குங்கள். பாக்டீரியாவைத் தனியாகச் சேர்த்து, தொட்டி பழகக் கூடுதல் காலம் காத்திருக்க வேண்டும். நான் அடுத்த தடவையும் லைவ் ராக்தான் வாங்குவேன், ஆனால் வாளியோடு.

மீனுக்கு இரை போடுவதைக் குறைத்ததும் கண்ணாடிப் பாசி குறைந்தது, கூட்டமும் தானாகக் குறைந்தது. நேற்று இரவு நான் எண்ணியது 17. மகள் 18 என்கிறாள். ஒன்று கிழிந்துகொண்டிருந்ததாம், அதை இரண்டாகச் சேர்த்துவிட்டாள்.