நீட் கவுன்சிலிங் கன்சல்டன்சி போயிட்டு வந்த கதை: 5-க்கு 2 ஸ்டார்

பேரு போடல, எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடில இருக்கிற ஒரு கன்சல்டன்சிதான். அக்கா பையனுக்கு நீட் அப்ளிகேஷன் போடணும்னு பிப்ரவரில போனோம், சர்வீஸ் சார்ஜ் 2000. போட்டோ, சைன், கைரேகை எல்லாம் சரியான சைஸ்ல ஏத்திட்டு அரை மணி நேரத்துல முடிச்சு கொடுத்தாங்க, அதுக்குத்தான் அந்த 2 ஸ்டாரும்.

மே மாசம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தப்பதான் கூத்து. பையன் 600-க்கு 322. இந்த மார்க்குக்கு டாக்டர் சீட்டுக்கு எலிஜிபிளான்னு அக்கா பயந்து போயி போன் பண்ணிருக்கா, எடுத்த பொண்ணு கால்குலேட்டர் தட்டிட்டு "53 பெர்சன்ட் வருதுங்க மேடம், 50 இருந்தா போதும், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லிருச்சு. மறுநாள் நேர்ல போனா அங்க இருந்த சார் மார்க் ஷீட்ட பாத்துட்டு பிசிக்ஸ் 41, கெமிஸ்ட்ரி 44, பயாலஜி 56, கூட்டுனா 300-க்கு 141, 47 பெர்சன்ட்தான், எலிஜிபிள் இல்ல, இந்த வருஷம் விட்டுருங்க, திரும்ப ப்ளஸ் டூ எழுத வைக்க எங்ககிட்ட பேக்கேஜ் இருக்கு 25,000-ன்னுட்டார். அக்கா அங்கயே அழுதுட்டா.

ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. தமிழ், மேத்ஸ் மார்க்கெல்லாம் இந்த பெர்சன்டேஜ் கணக்குல வரவே வராது, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி மூணையும் சேத்துத்தான் பாப்பாங்க, இங்கிலீஷ் பாஸ் பண்ணிருந்தா போதும். அந்த போன் எடுத்த பொண்ணுக்கு இது தெரியல. அந்த சாருக்கு இது தெரிஞ்சிருக்கு, ஆனா 50 பெர்சன்ட்ங்கறது ஜெனரல் கேட்டகிரிக்கு, ஓபிசி எஸ்சி எஸ்டிக்கு 40-தான், அதாவது 300-க்கு 120, அது தெரியல. நாங்க பிசி. இதுல பெரிய காமெடி என்னன்னா பிப்ரவரில ஃபார்ம்ல ஓபிசி நான் க்ரீமி லேயர்னு (அதாவது வருமானம் லிமிட்டுக்குள்ள இருக்கிற ஓபிசி) டிக் பண்ணதே இவங்க கைதான், அதனால ஃபீஸே 1700-க்கு பதிலா 1600 கட்டுனோம்!

பையனோட பயாலஜி மிஸ்கிட்ட கேட்டோம், ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாங்க. ஒவ்வொரு சப்ஜெக்ட்டும் தனித்தனியா பாஸ், மூணும் சேத்து 120-ஆவது இருக்கணும், டிசம்பர் 31-க்குள்ள 17 வயசு முடியணும், அவ்ளோதான்மா, இனிமே நீட் மார்க்தான் பேசும்னாங்க. இது எல்லாமே நீட்டோட இன்ஃபர்மேஷன் புல்லட்டின்ல, அதான் ரூல்ஸ் புக்குல, இருக்கு, ஓசில டவுன்லோட் பண்ணிக்கலாம், நாங்கதான் சோம்பேறித்தனத்துல படிக்கல.

அப்புறம் கெளம்பும்போது அந்த சார் இன்னொரு தூண்டில் வேற போட்டார், 7.5 சதவீத கோட்டாவுல சீட் வாங்கித் தரலாம்னு. அது ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்ச பசங்களுக்கு, எங்க பையன் எய்டட் ஸ்கூல், எய்டட் அதுல சேராது. அதையும் மிஸ்தான் சொன்னாங்க.

ஃபார்ம் மட்டும் போடணும்னா போங்க, சுத்தமா போட்டு தருவாங்க. நம்ம புள்ள எலிஜிபிளா இல்லையான்னு மட்டும் அங்க கேட்டுறாதீங்க, ஆளுக்கொரு பதில் வரும். 25,000 கட்டாம வந்ததே பெரிய விஷயம், அக்கா அன்னிக்கு பர்ஸ எடுத்துட்டா, கார்டு மிஷின் வேலை செய்யல.